சாம்பல் சுவருக்குப் பக்கத்தில்

ஜூன் 4

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. படிக்க முடியவில்லை. சாம்பல் தாளில் சாம்பல் மையால் எழுதி அனுப்பினால் நான் என்ன செய்வது, மோந்து பார்த்தா தெரிந்துகொள்வது? உன் அலுவலகத் தாள் பார்வைக்கு ஒசத்தியாக இருக்கிறதென்று எதிர்வீட்டு நர்ஸ் சொன்னாள். அவள்தான் வராந்தாவில் நின்று உரக்கப் படித்துக் காட்டினாள். அதனால் நீ என்னை உன் வீட்டோடு அழைத்துப் போகப்போகிறாய் என்பது இப்போது இந்த மாடி முழுக்கத் தெரியும். லிஃப்ட்காரர், "டீச்சர், எப்ப கிளம்புறீங்க?" என்றே கேட்டுவிட்டார்.

கிளம்பவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். போன தடவை அப்படித்தான் ஆனது. தடித்த ஸ்கெட்ச் பேனாவால் பெரிது பெரிதாக எழுதுவதால் ஒரு பக்கத்தில் கொஞ்சம் வரிகள்தான் பிடிக்கின்றன. ஆகவே சுருக்கமாகத் திட்டுகிறேன்.

கண் ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து என் ஹாலுக்கு டார்க் கிரே அடித்தாய். கேட்டால் இன்ப அதிர்ச்சி என்றாய். சுவர் சாம்பல், சோபா சாம்பல், தரைவிரிப்பு சாம்பல், திரைச்சீலை சாம்பல், அந்தக் குட்டை மேஜையும் சாம்பல். சோபா எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்கள். நீ கட்டை அவிழ்த்தபின் காட்டில் விட்டாய். மேஜை தடுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு பிசகியது. உடனே, "அக்கா இனிமே தனியா இருக்க முடியாது" என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசில் ஊதியே வயதானவள் நான். கோடு போடாத மைதானத்தில் யாரை இறக்கிவிட்டாலும் விழத்தான் செய்வார்கள். சுவரைப் பழையபடி வெள்ளையாக்கிக் கொடு. நான் என் வீட்டில் இருந்துகொள்கிறேன்.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

மஞ்சள் தாள், கறுப்பு மார்க்கர். தெரிகிறதா? தெரிந்தால் இனி இப்படியே எழுதுகிறேன். என் அலுவலகத் தாளைப் படிக்க முடியவில்லை என்று இதுவரை ஒரு வாடிக்கையாளரும் சொன்னதில்லை. யாரும் படித்ததே இல்லையோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அந்த நிறத்தை நான் பகட்டுக்காக அடிக்கவில்லை. "வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுதுடா, நிமிர்ந்து பார்க்க முடியல" என்று ஆபரேஷனுக்கு முன்னால் சொன்னது நீ. மினுக்கில்லாத அடர் சாம்பல் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், திருப்பி முகத்தில் அடிக்காது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதும் சுவர் கூசுகிறதா, யோசித்துச் சொல்.

சுவரில் தப்பில்லை. பக்கத்தில் வைத்தவற்றில்தான் தப்பு. எல்லாவற்றையும் ஒரே நிறக் குடும்பத்தில் எடுத்துவிட்டேன். போட்டோவில் அது மிக அழகாக வரும். எங்கள் உள்அலங்காரத் தொழில் பத்திரிகை ஒன்றில் உன் ஹாலின் படம் வந்து, பாராட்டுக்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடர் சாம்பலுக்கு ஒரு குணம் உண்டு அக்கா. பக்கத்தில் வருவது வேற்று நிறமாக இருந்தால் தூக்கிக் காட்டும். இல்லாவிட்டால் விழுங்கிவிடும். கடுகு மஞ்சளில் சோபா உறை தைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கூடவே கருநீலக் குஷன்களும் செங்கல் நிறத்தில் ஒரு பூந்தொட்டியும் வரும். வைத்துப் பார்த்துச் சொல்.

ஒரு கேள்வி. கண் டாக்டர் உண்மையில் என்ன சொன்னார்? "சின்ன ஆபரேஷன்தான், சரியாயிடும்" என்றாய். சரியாகிவிட்ட கண்ணுக்கு மேஜை தெரியாமல் போகுமா?

ஆகஸ்டில் எனக்கு விடுமுறை. வருகிறேன். அதற்குள் இன்னொரு முறை விழுந்தால் மறுபேச்சில்லாமல் என்னோடு கிளம்ப வேண்டும். உனக்காகப் பின்பக்க அறையை என் மனைவி ஒழித்துக்கொண்டிருக்கிறாள்.

தம்பி

ஜூன் 22

தம்பிக்கு,

தாள் தெரிகிறது. சுவர் கூசவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன், போ.

கடுகு மஞ்சள் உறையைப் போட்டதும் சோபா திரும்ப வந்துவிட்டது. நீ இத்தனை நாள் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாயோ. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிகிறது. நேராக நடந்து போய் உட்கார்ந்தேன். நர்ஸ் கை தட்டினாள்.

குஷன் தேறவில்லை. சுவரோரம் நாற்காலியில் போட்டிருந்த கருநீலக் குஷனை வீடெல்லாம் தேடிக் களைத்து, கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்தேன். கருநீலமும் உன் சாம்பலும் எனக்கு ஒட்டிப் பிறந்தவை. செங்கல் நிறத் தொட்டி காலையில் லட்சணமாக இருக்கிறது. சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்போது கறுத்துச் சுவரோடு போய்விடுகிறது. பால்கனிக்குத் தள்ளிவிட்டேன்.

சுவிட்ச் போர்டைக்கூட விட்டுவைக்கவில்லை நீ. அது சுவரோடு சுவராக மறைவதுதான் அழகு என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம், நர்ஸ் படித்தாள். நன்றாகவே மறைந்துவிட்டது. விளக்குப் போட நான் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பேப்பர்காரர், "என்ன டீச்சர், சுவத்துக்கு ஒத்தடம் குடுக்கிறீங்களா?" என்றார். எனக்குத் தெரியாத ஹாலை ஊரெல்லாம் பார்த்து ரசிக்கிறது.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலிருந்து விளையாட்டுக் கோர்ட்டுக்குக் கோடு போட ஒட்டும் வெள்ளை டேப் வரவழைத்தேன். மற்றதை நானே பார்த்துக்கொண்டேன். விழவில்லை.

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

நர்ஸ் படம் அனுப்பினார். பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சோபாவைச் சுற்றி வெள்ளைக் கோடு, மேஜையைச் சுற்றி வெள்ளைக் கோடு, குளியலறை வரைக்கும் ஓட்டப் பந்தயப் பாதை. அதெல்லாம் போகட்டும். நடுவில் எதற்கு அந்த வட்டம்? என் மனைவியிடம் காட்டினேன். "எனக்கென்னவோ இப்பத்தான் அது வீடு மாதிரி இருக்கு" என்கிறாள். நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா?

டேப்பை உரிக்கச் சொல்லவில்லை. அந்தக் கோடு செய்கிற வேலையைப் பொருள்களே செய்யும்படி பண்ணலாம் என்கிறேன். உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் வருவார். குட்டை மேஜையின் மேல்பலகையை வெளிர் மரத்தில் மாற்றுவார். அடர் சாம்பலுக்கு மரத்தைப் போல ஒத்துப்போவது வேறில்லை. குளிர்ந்துபோன அறைக்கு அது சூடு கொடுக்கும். கதவு நிலைகளுக்கும் சுவிட்ச் போர்டுகளுக்கும் தந்த நிறம். சுத்த வெள்ளை வேண்டாம். அடர் சாம்பலை ஒட்டிச் சுத்த வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக் களை வந்துவிடும். உன் தரைவிரிப்பைச் சுருட்டிப் பரணில் போடச் சொல். நானே வாங்கியதுதான், சொல்லும்போது வயிறு எரிகிறது.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்தாற்போல் இருப்பது உனக்கு வராது, அக்கா.

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

வட்டம் ஃபேனுக்கு நேர் கீழே. அங்கே நின்றால் காற்று வரும். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு.

தச்சர் வந்தார், பெயிண்டரும் வந்தார். இருவரும் ஒரே நாளில் வந்து ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே வேலையை முடித்தார்கள். மேஜைப் பலகை நன்றாக இருக்கிறது. அதன்மேல் கை வைத்தால் வழுவழுவென்று இருக்கிறது. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இப்போது கொஞ்சம் தள்ளி நின்றே தெரிகிறது. சுவர் ஒத்தடம் நின்றுவிட்டது. உன் மூளைக்கு இவ்வளவு வேலை தெரியும் என்றால் முதலிலேயே செய்திருக்கலாம்.

இரண்டு மூன்று சின்ன மாற்றம். கடுகு மஞ்சள் உறை கொஞ்சம் அழுக்கேறினாற்போல் இருக்கிறது. எலுமிச்சை மஞ்சளில் ஒன்று அனுப்பு. கதவு நிலையில் அந்தத் தந்த நிறம் போதவில்லை, மங்கல் அடிக்கிறது. சுண்ணாம்பு வெள்ளையாக அடிக்கச் சொல். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் நோயாளி இல்லை. மேஜைப் பலகையின் விளிம்புக்கும் வெள்ளை.

மணிக்கட்டு ஆறிவிட்டது. விழவில்லை. உன் வீட்டுக்காரியிடம் அறையை ஒழிப்பதை நிறுத்தச் சொல், முதுகு வலிக்கப்போகிறது.

அக்கா

ஜூலை 24

அக்காவுக்கு,

உறையைப் பார்க்கச் சொல்லி நர்ஸைக் கேட்டேன். "புதுசு மாதிரியே இருக்கு சார், ஒரு கறை கிடையாது" என்கிறார். கதவு நிலையும் அடித்த அன்று இருந்தபடியே இருக்கிறதாம்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூனில் உனக்குக் கடுகு மஞ்சள் போதும். ஜூலையில் எலுமிச்சை வேண்டும். தந்த நிறம் போய்ச் சுண்ணாம்பு வெள்ளை வேண்டும். இத்தனை வருஷமாக வீடுகளுக்கு வண்ணம் சொல்லுகிறேன். மனம் மாறுகிறவர்கள் முன்னே போவார்கள், பின்னே வருவார்கள், பச்சை என்று தொடங்கி நீலத்தில் நின்று மறுபடி பச்சைக்கே வருவார்கள். நீ மட்டும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறாய். வெளுப்பாக, இன்னும் வெளுப்பாக. மாறியது துணி இல்லை அக்கா.

எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். சுண்ணாம்பு வெள்ளைக்கு மேல் வெளுப்பான நிறம் எந்தக் கடையிலும் இல்லை. அதையும் நீ போதவில்லை என்று எழுதும் கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுதுவேன்?

விழுந்தால்தான் கிளம்ப வேண்டும் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். விழுந்தாலும் விழாவிட்டாலும் ஆகஸ்டில் உன்னை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன். இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். உன்னிடம் பூசி மெழுகிப் பிரயோஜனமில்லை.

டாக்டர் ஆபரேஷன் முடிந்த அன்றே சொன்னார். "போனது போனதுதான்மா. இருக்கிறதை எவ்வளவு தூரம் இழுத்துப் பிடிக்கலாம்னு பார்ப்போம்" என்றார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை. உன்னிடம் சொன்னால் மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பாய் என்றுதான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாம்பல் மேல் சாம்பலை வைத்திருக்க மாட்டாய். அந்த வகையில் நான் விழுந்ததற்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது. பாதிதான்.

இருட்டு எனக்குப் பயமில்லை. எதற்குப் பயம் என்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. அதுதான் கஷ்டம். நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைப்பீர்கள். நான் எழுந்தால், "எங்க போறீங்க அண்ணி, சொல்லுங்க, நான் வர்றேன்" என்று உன் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். தங்கமான பெண். அவள் ஓடி வருவதைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்த முறை யோசித்து எழுந்திருப்பேன். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம் யோசிப்பேன். பிறகு ஒருநாள் எழுந்திருப்பதையே விட்டுவிடுவேன்.

இங்கே அப்படி இல்லை. கண் தவறவிட்டதைக் கால் எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் தெரிகிற வரைக்கும் மஞ்சளைப் பார்த்து நடந்தேன். நடந்து நடந்து, சோபா எவ்வளவு தூரம் என்று காலுக்கே பழகிவிட்டது. இப்போது மஞ்சள் மங்கிப்போனாலும் கால் தயங்குவதில்லை. மிச்சத்தையும் நிறம் தெரியும்போதே பழகிவிடலாம் என்றுதான் ஒவ்வொன்றாக உன்னிடம் அவசரப்பட்டுக் கேட்டேன். வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

விருந்தாளியாக வா. சோபாவில் படுத்துக்கொள். ஆளைத் தூக்கிப்போகிறவனாக வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன்னிடம் நேரில் சொல்லாமல் வந்தவற்றை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் நீ என்னைத் திட்டிக்கொண்டே ஹாலைக் கடந்து போய் ஜன்னலைச் சாத்தினாய், நினைவிருக்கிறதா? மழை வந்த நேரம். கோபத்தில் இருக்கிறவர்கள் பார்த்து நடக்க மாட்டார்கள். நீ மேஜையைச் சுற்றி, நாற்காலியை விலக்கி, எதிலும் இடிக்காமல் போய், திட்டையும் நிறுத்தாமல் திரும்பி வந்தாய். என் பெட்டியில் இருந்த உன் டிக்கெட்டை அதற்குப் பிறகு நான் வெளியே எடுக்கவில்லை. நான் கிளம்பும்போது நீ, "என்னடா, சண்டையே போடாம போற?" என்று கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஜன்னல் திரைக்கு அளவெடுக்கிறேன் என்று சொன்னது பொய். ஹால் முழுவதையும் அளந்தேன். வாசலிலிருந்து சோபா, சோபாவிலிருந்து மேஜை, சுவிட்ச் எந்த உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எல்லாம்.

ஊருக்கெல்லாம் டார்க் கிரே விற்கிற என் வீட்டுச் சுவர் இத்தனை காலம் வெள்ளைதான் என்பது உனக்குத் தெரியும். என் மனைவிக்குச் சாம்பலே ஆகாது. போன வாரம் எங்கள் ஹாலுக்கு உன் சாம்பலை அடித்தேன். அதே டப்பா, அதே எண். கதவு நிலைகள் நீ கேட்ட சுண்ணாம்பு வெள்ளை. சோபாவை உன் சோபா இருக்கிற தூரத்தில் போட்டு எலுமிச்சை உறை மாட்டியிருக்கிறேன். மேஜையும் அப்படியே. எங்கள் ஹால் உன்னுடையதைவிடக் கொஞ்சம் அகலம். மிஞ்சிய பக்கத்தைப் புத்தக அலமாரி வைத்து அடைத்து உன் அளவுக்குக் கொண்டுவந்தேன். உன் பாத்ரூம் இருக்கிற திசையில் எங்களுக்குப் பின்பக்க அறை. அதனால் சோபாவிலிருந்து நீ நடந்தால் உனக்காக ஒழித்த அந்த அறைக்கே போய்ச் சேருவாய்.

முதல் நாள் என் மனைவி வாசலிலேயே நின்று, "வீட்டையே இருட்டடிப்புப் பண்ணிட்டீங்களே" என்றாள். மறுநாள் கடைக்குப் போனவள் வெண்மஞ்சளில் துண்டுகளும் படுக்கை விரிப்பும் வாங்கி வந்து சுவர் மேல் வைத்துப் பார்த்து, "உங்க சாம்பலுக்கு இதுதான் எடுப்பா நிக்குது" என்றாள். என் வேலையை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். நீ நாற்காலியிலிருந்து எழுந்தால் ஓடி வரக்கூடாது என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பழகிக்கறேன். எனக்கும் கொஞ்சம் டைம் குடுக்கச் சொல்லுங்க" என்கிறாள்.

இங்கே வந்து இரு என்று சொல்லவில்லை. உன் வீடு உன்னுடையது, சாவி உன்னிடமே இருக்கட்டும். வந்து ஒரு தடவை நடந்து பார். நிறம் தெரிகிற மட்டும் தெரியட்டும், மற்றதைக் கால் எடுத்துக்கொள்ளும். ஒத்துவரவில்லை என்றால் நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். இந்த நிறத்தை உனக்குத் தெரியாமல் ஒரு தடவை அடித்தேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

தம்பி

செப்டம்பர் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை நர்ஸ்தான் படித்தாள். மஞ்சள் தாளும் இப்போது எனக்கு வெறும் தாள்தான். இந்த வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள், வரி கோணாமலிருக்க அட்டையை வைத்து வைத்து எழுதுகிறேன். இந்த முறை அவளை வராந்தாவில் நிறுத்தவில்லை. உள்ளே உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். அலமாரி வைத்து அடைத்ததை நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். "படிம்மா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நானும் அழுதேன். அதற்கு நீ ஆறுதல் எழுத வேண்டாம்.

மாசக் கடைசிக்கு டிக்கெட் போடு. இந்த வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன், காலி பண்ணிவிட்டு இல்லை. நர்ஸ் ஜன்னலைத் திறந்து வைப்பாள். உன் வீட்டுக்காரியிடம் நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல், எனக்கும் வேண்டும்.

ஹாலைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறாய். சமையலறையைப் பற்றி ஒரு வரி இல்லை. வந்து இறங்கியதும் எனக்குத் தாகமாக இருக்கும். நானே எழுந்து போய், யாரையும் கேட்காமல் தண்ணீர் எடுத்துக் குடிக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் தண்ணீர் எந்தக் கைப்பக்கம், டம்ளர் எந்தத் தட்டில் என்று எழுது. நிறம் எழுத வேண்டாம்.

அக்கா